வெள்ளிக்கிழமை பார்த்த ஊர்

மூன்று முழம் மல்லிகைப்பூ. அதுவும் காட்பாடி ஸ்டேஷனில், ரயில் நிற்கிற நேரத்துக்குள் இறங்கி ஓடி, மூச்சிரைக்க வாங்கி வந்து என் மடியில் போட்டார் என் வீட்டுக்காரர்.

"வெச்சிக்க எஸ்தர். நிறைய வெச்சிக்க" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். நான் கேட்காமல் அவராக வாங்கித் தந்த முதல் பூ அதுதான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எதிர் சீட்டுக்காரி பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு தலை நிறைய வைத்துக்கொண்டேன். எனக்கு நல்லா வேணும்!

அவர், நான், எங்கள் ஆறு வயசு மகள் பியூலா, மூன்று பேரும் ஆம்பூரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். பார்த்துவிட்டு, மெட்ராஸை விட்டு அங்கே குடிபோவதா வேண்டாமா என்று நான் முடிவு சொல்ல வேண்டும். "உனக்குப் பிடிக்கலைன்னா வுட்டுடலாம்" என்று அவரே வாக்குக் கொடுத்திருந்தார். எழுபதுகளின் கடைசியில் எந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் இப்படிக் கேட்டான்? நான் உருகிப்போயிருந்தேன்.

கலர் அவருடையது, கையெழுத்து இன்னொருவருடையது

அவர் பெயர் ஜெயசீலன். எழுதலாம், கூப்பிடத்தான் கூடாது என்பது என் அம்மா போட்ட சட்டம். மெட்ராஸில் மாதவரம் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் கலர் சேர்க்கிற வேலை. வெளிநாட்டுக்காரன் இரண்டு விரல் அகலத்தில் ஒரு தோல் துண்டை அனுப்பி, இதே கலரில் இத்தனை தோல் வேண்டும் என்பான். சாயத்தையும் மெழுகையும் கலந்து கலந்து அந்தக் கலரைக் கொண்டுவர வேண்டும். ஒரு பொட்டு கூடினாலும் குறைந்தாலும் கப்பலேறிய சரக்கு திரும்பி வந்துவிடும்.

கொண்டுவருவது இவர். ஆனால் மாதிரித் துண்டின் பின்பக்கம் 'சரி' என்று கையெழுத்துப் போடுகிறவர் மாஸ்டர். அந்த மாஸ்டருக்குக் கண்ணில் புரை விழுந்து, சிவப்புக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் அவர் முதலாளியின் சொந்தக்காரர். எட்டு வருஷமாக இவர் உதவியாளாகவே இருந்தார்.

ஆம்பூர் தொழிற்சாலை ஒன்றிலிருந்து மாஸ்டர் வேலைக்கே கூப்பிட்டார்கள். இவர் போய்ப் பேசிவிட்டு வந்தார். அந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

நானும் சும்மா வீட்டில் இருந்தவளில்லை. பீச் பக்கம் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் டைப்பிஸ்ட். பர்மனென்ட்! என் நாற்காலியிலிருந்து பார்த்தால் துறைமுகத்து கிரேன்கள் தெரியும். பெரம்பூரில் நாங்கள் இருந்த ஒண்டுக்குடித்தனத்தில் விடியுமுன் குழாயடிச் சண்டை, ராத்திரி கொசு. ஆனால் எட்டரை மணிக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் ஏறிவிட்டால் நான் வேறு ஆள். ஆம்பூருக்குப் போனால் அந்த நாற்காலியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஏன் வெள்ளிக்கிழமை?

ஊர் பார்க்க வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான்.

"எதுக்கு ரெண்டு பேரும் லீவு போட்டுக்கினு? ஞாயித்துக்கிழமை போலாமே" என்றேன்.

முகத்தை ரொம்ப சாதுவாக வைத்துக்கொண்டு, "கர்த்தருடைய நாள்ல ஆராதனையை வுட்டுட்டு ஊர் சுத்தப் போறதா? இன்னா எஸ்தர் நீ!" என்றார்.

பிரசங்கம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் கண்ணை மூடுகிற மனுஷன் இவர். ஆசீர்வாதத்துக்கு நான் இடித்தால்தான் எழுந்திருப்பார். அவருக்குத் திடீரென்று இத்தனை பக்தி. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மனுஷன் திருந்துகிறார், ஸ்தோத்திரம் என்று விட்டுவிட்டேன்.

ஆம்பூர் அன்றைக்கு அத்தனை அழகாக இருந்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாலாறு. கடைத்தெருவில் கூட்டமில்லை. குதிரை வண்டி மணியடித்துக்கொண்டு போனது. மதியம் பிரியாணி வாங்கித் தந்தார். பியூலா கைவிரல்களை எல்லாம் சப்பிவிட்டு, "அப்பா, நாம இங்கியே இருந்துடலாம்" என்றாள். அவளை விலைக்கு வாங்கியாகிவிட்டது.

பிறகு, வந்தால் நாங்கள் இருக்கப்போகிற வீட்டைக் காட்டினார். மூன்று ரூம், தனி சமையல்கட்டு, பின்னால் கிணறு, கொய்யா மரம். குழாயடியில் குடத்தோடு குடம் மோதிய எனக்கு, சொந்தமாக ஒரு கிணறு! ராட்டினத்தைச் சும்மா இழுத்துப் பார்த்தேன். தண்ணீரைக் குடித்துப் பார்க்கலாம் என்று வாளியைச் சாய்த்தபோது, "இரு இரு, பாட்டில்ல இருக்குது" என்று மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை நீட்டினார். என்ன கரிசனம் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு மெஹருன்னிசா அக்கா, வயசு நாற்பது இருக்கும், நன்னாரி சர்பத் கொண்டுவந்து கொடுத்தார். என் தலையிலிருந்த பூவையும் என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"இன்னைக்கு ஜும்மா, எல்லா பாக்டரியும் லீவு. ஊரே அமைதி" என்றார்.

"அழகான ஊருக்கா" என்றேன்.

அந்த அம்மாள் உள்ளே ஓடிவிட்டார். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அரக்கோணத்தில் உறைத்தது

திரும்பும்போது அரக்கோணத்தில் ரயில் நெடுநேரம் நின்றது. பியூலா என் மடியில் தூங்கிவிட்டாள். நான் மனசுக்குள் அந்த மூன்று ரூமிலும் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பீரோ இங்கே, கட்டில் அங்கே, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு மசாலா அரைக்க அம்மிக்கல் கிணற்றடியில். ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்ததும் கை நின்றது.

"என்னங்க, இன்னைக்கு எல்லா பாக்டரியும் லீவுதானே?"

"ஆமா. வெள்ளிக்கிழமை வுட்டுடுவாங்க."

"வாரத்துக்கு ஒரு லீவா, ரெண்டு லீவா?"

அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். ரப்பர் செருப்பு. அதில் சரிசெய்ய என்ன இருக்கிறது?

"ஒண்ணுதான்" என்றார், குனிந்தபடியே.

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

"வேலை."

அந்த ரயில் பெட்டியில் நான் என்ன பேசினேன் என்பதை முழுக்க எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். கர்த்தருடைய நாள் என்று எனக்கே பாடம் நடத்திய மனுஷன்! வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் முழித்திருந்தோம். கோயிலுக்குப் போய், வந்து, கறி தின்று, பாய் விரித்துப் படுத்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள நேரம் கிடைக்கிற நாள் அது. பியூலாவுக்குப் பள்ளிக்கூடம் ஞாயிறு லீவு, அப்பாவுக்கு வெள்ளி லீவு என்றால் அந்தக் குழந்தை அப்பனை எப்போது பார்ப்பாள்?

"நான் வரல. என் வேலையையும் வுடணும், ஞாயித்துக்கிழமையையும் வுடணும்னா இன்னா மிச்சம் எனக்கு? ஒரு கொய்யா மரமா?" என்றேன்.

எதிர் சீட்டுக்காரர் பழம் தின்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் ஒரு இன்லண்ட்

வீட்டில் நான்கு நாள் பேச்சுவார்த்தை பியூலா மூலமாக நடந்தது. "அப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுது." "அம்மாகிட்ட சொல்லு, பசிக்கல."

ஐந்தாம் நாள் அவரே நேராகப் பேசினார். "வரலைன்னு எழுதிட்டேன். மெட்ராஸ்லயே இருந்துடலாம். நீ சொன்னா சரிதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மாதிரித் துண்டுகளை விளக்கடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எழுதினாரே தவிர அந்த இன்லண்ட் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார், வந்தார். சட்டையை மாற்றினால் கடிதமும் சட்டை மாறியது. நாலு மடிப்பும் நைந்து அழுக்கேறிவிட்டது. தெரு முனையில் தபால் பெட்டி. அதைத் தாண்டித்தான் தினமும் சைக்கிளில் போக வேண்டும்.

எனக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை ராத்திரி, "நாளைக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, லேட்டாகும்" என்று சொல்லிவைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு நேராக சென்ட்ரலுக்குப் போய் ஆம்பூருக்கு டிக்கெட் எடுத்தேன். பொய் சொல்ல அவருக்கு மட்டும்தான் தெரியுமா?

செவ்வாய்க்கிழமை மூக்கு

பச்சகுப்பம் தாண்டியதும் பெட்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலை இறக்கினார்கள். மேல் பலகையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைத் திறக்காமலே, "ஆம்பூர் வந்துடிச்சி" என்றார்.

அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு நாற்றம்! சுண்ணாம்பு, ஊறுகிற தோல், பெயர் தெரியாத மருந்து, எல்லாம் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. மூன்று முழப் பூவின் அர்த்தம் பிளாட்பாரத்தில் இறங்கியதும் விளங்கியது. நடு பிளாட்பாரத்தில் நின்று, "அடப்பாவி மனுஷா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஒரு போர்ட்டர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று முறைத்தார்.

என் வீட்டுக்காரர் மேலும் அந்த வாசனை உண்டுதான். ஆனால் மெட்ராஸில் ஒரு மனுஷன் மேல் வருவது வேறு, ஊர் மேலேயே வருவது வேறு. வெள்ளிக்கிழமை அன்று கொஞ்சம் அடங்கியிருந்ததை இவர் கணக்குப் போட்டுக் கூட்டிவந்திருக்கிறார்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெஹருன்னிசா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் சுவரில் இருந்த பல்லி ஓடியது.

"வா தங்கச்சி, வா! உன்னை எதிர்பார்த்துக்கினுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை கூட்டியாந்தாரு இல்ல? எல்லா ஆம்பிளைங்களும் அப்படித்தான். என்னை எங்க மாமியார் வூட்லருந்து பொண்ணு பாத்துட்டு, வூடு பாக்க எங்க அம்மாவை இங்க கூப்பிட்டாங்களே, எப்போன்ற? வெள்ளிக்கிழமை! இந்த ஊர்ல வூடு காட்றதும் சம்பந்தம் பேசறதும் வேற நாள்ல நடந்ததே இல்ல."

"நீங்க எந்த ஊருக்கா?"

"திருவல்லிக்கேணி. பீச் காத்துல வளந்தவ. கல்யாணமாகி வந்த மறுநாள் சனிக்கிழமை. அழுதேன் பாரு, அப்படி அழுதேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா!"

"உன் வூட்டுக்காரர் கண்ணாலயே கெஞ்சினாரு. பாவமா இருந்திச்சி."

நாற்றம் எப்போது பழகும் என்று கேட்டேன். "பத்து நாள் பேஜாரு. அப்புறம் மூக்கு அடங்கிடும். இப்போ நான் திருவல்லிக்கேணி போனா அங்க மீன் நாத்தம் தாங்கல" என்றார். கிணற்றுத் தண்ணீர் உப்பு, துவைக்கத்தான் ஆகும், குடிக்க அடுத்த தெருவிலிருந்து எடுக்க வேண்டும் என்று அதையும் சொன்னார். பாட்டில் தண்ணீரின் கரிசனமும் விளங்கிற்று. ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றிக் கேட்டேன். "உங்க ஆளுங்க சாயங்காலம் ஆறு மணிக்கு புஸ்தகத்தை எடுத்துக்கினு கும்பலாப் போறாங்களே. பாக்டரி ஆளுங்களுக்குன்னே சர்ச்சுல அந்த நேரத்துக்கு வெச்சிருக்காங்களாம்."

கறிக்குழம்பு சாயங்காலத்துக்கு மாறும், அவ்வளவுதானா என்று யோசித்தேன். அவ்வளவுதான் என்று மனசு ஒப்பவில்லை. வேண்டாம் என்றே சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். வந்ததற்கு அந்தத் தொழிற்சாலையை ஒரு தடவை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

உடைத்த சுவர்

கேட்டில் வயசான வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா வேணும்?"

"மெட்ராஸ்லருந்து ஜெயசீலன்னு ஒருத்தர் இங்க வேலைக்கு..." என்று இழுத்தேன்.

வாட்ச்மேன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு எழுந்து நின்றார். "புது மாஸ்டர் வூட்டம்மாவா? வாங்கம்மா, வாங்க!" உள்ளே ஓடி, ஆபீஸ் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து துண்டால் தட்டிப் போட்டார்.

மெட்ராஸில் ஒரு தடவை, மழை நாளில், அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரை மாதவரத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த வாட்ச்மேன் "எந்த ஜெயசீலன்?" என்று கேட்டார். எட்டு வருஷமாகத் தினமும் அவருக்குக் கேட்டைத் திறந்துவிட்ட ஆள்.

உட்காராமல் நின்றேன். உள்ளே முற்றத்தின் அந்தப் பக்கம் இரண்டு கொத்தனார்கள் ஒரு சுவரில் பெரிய ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செங்கல் குவிந்து கிடந்தது. பக்கத்தில் புது ஜன்னல் சட்டம் சாத்தியிருந்தது.

"அது இன்னாங்க வேலை?"

"அதுதாம்மா மாஸ்டர் ரூமு. பேச வந்தப்போ கலர் பாக்க வடக்கால ஒரு ஜன்னல் இருந்தா நல்லாருக்கும்னு ஒரு வார்த்தை சொன்னாராம். அடுத்த வாரமே சுவத்தை உடைங்கடான்னுட்டாரு முதலாளி."

மின்சார விளக்கில் கலர் பொய் சொல்லும், நேர் வெயிலும் ஆகாது, வடக்கு வெளிச்சத்தில்தான் நிஜக் கலர் தெரியும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மெட்ராஸில் அவர் வேலை செய்கிற கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. தோலைத் தூக்கிக்கொண்டு கக்கூஸ் சந்துக்குப் போய் நின்றுதான் பார்ப்பார். ஒரு ஜன்னல் வையுங்கள் என்று எட்டு வருஷம் கேட்டு அலுத்துப்போனார்.

இங்கே, வருகிறேன் என்று இன்னும் சொல்லாத ஒரு ஆளுக்காகச் சுவரை உடைத்திருக்கிறார்கள். அந்த ஆள் வரமாட்டேன் என்று எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெரம்பூரில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறார். எழுதவைத்தது நான்.

அழுகை வந்தது. முந்தானை ஏற்கெனவே மூக்கில் இருந்ததால் வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. நாற்றம் தாங்காமல் கண்ணைக் கசக்குகிறேன் என்று நினைத்து, "பழகிடும்மா" என்றார்.

சோப்புத் தண்ணீர்

புதன்கிழமை விடியற்காலை, அவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தேன். பையைத் தொட்டுப் பார்த்தேன். இன்லண்ட் இருந்தது. அப்படியே வாளியில் போட்டு, சோப்புத் தூளைக் கொட்டி, நன்றாக அமுக்கி ஊறவைத்தேன்.

அவர் எழுந்து வந்து ஆணியைப் பார்த்தார். "ஐயோ! சட்டை எங்க? அதுல லெட்டர் இருந்திச்சி எஸ்தர்! இன்னைக்குக் கண்டிப்பா போட்டுடணும்னு வெச்சிருந்தேன்!"

"எந்த லெட்டர்?"

வாளிக்குள் கை விட்டு எடுத்தார். நீல மை கரைந்து கஞ்சி மாதிரி கையோடு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேற எழுதுங்க" என்றேன். "இந்தத் தடவை வரேன்னு எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது, பயம் இருந்தது. "ஞாயித்துக்கிழமை?"

"சாயங்காலம் போய்க்கலாம்."

"உன் வேலை?"

சட்டையைப் பிழிந்துகொண்டே, "அந்த வீடு காத்தோட்டமா இருக்குது. கிணறு இருக்குது. நான் மூணு ரூம்ல இருந்து பார்க்கறேனே" என்றேன். காற்றோட்டம் என்றதும் அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பார்த்தேன். சொல்லவில்லை. தைரியம் போதவில்லை பாவம்.

ஒன்பது வருஷம் ஊரார் கடிதங்களை அடித்த அதே மிஷினில் என் ராஜினாமாவை நானே அடித்தேன். பழக்க தோஷம், இரண்டு கார்பன் காப்பியும் எடுத்தேன். கையெழுத்துப் போடும்போது கிரேன்களைப் பார்க்கவில்லை. வலித்தது. அந்த நாற்காலி இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது. இதில் தியாகம் கியாகம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, விட்டேன், அவ்வளவுதான்.

முதல் நாள்

ஆம்பூரில் அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று நான் இன்னும் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டு வரைக்கும் வந்துவிட்டார்.

"எஸ்தர்! எஸ்தர்! ஒண்ணு சொல்றேன், நீ நம்பமாட்ட."

"இன்னா?"

"எனக்கு ஜன்னல் வெச்சிருக்காங்க!"

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "ஜன்னலா? யார் வெச்சாங்க? எப்போ?"

"நான் வரேன்னு சொல்றதுக்கு முன்னாடியே சுவத்தை உடைச்சிட்டாங்களாம்! எனக்காக! ஒரு வார்த்தைதான் சொன்னேன் எஸ்தர், ஒரே ஒரு வார்த்தை." குரல் உடைந்துபோய்த் திரும்பிக்கொண்டார்.

"அடேயப்பா! எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"வடக்கு" என்றார். வடக்கு வெளிச்சம் என்றால் என்ன, அதில் கலர் எப்படித் தெரியும் என்று முதலிலிருந்து எனக்கு விளக்க ஆரம்பித்தார். ஜன்னல் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று கையை விரித்துக் காட்டினார். சோறு ஆறிப்போயிற்று. நான் ஒன்றுமே தெரியாதவள் மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டேன்.

நான் பார்த்தேன் என்பது இந்த நிமிஷம் வரை அவருக்குத் தெரியாது. இந்தத் தொடரை வாரா வாரம் என் கையிலிருந்து பிடுங்கி முதலில் படிக்கிறவர் அவர்தான். படிக்கட்டும்.